சாசனம் பெறாத கல்லூரி: வட்டுக்கோட்டை செமினரியின் பட்டத் தகுதியும் கல்வித் தரமும் (1823 – 1855)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க இலங்கை மிஷன் 1823ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம், பட்டம் வழங்கும் உரிமையைத் தன் வாழ்நாளில் பெறவே இல்லை. ஆயினும் 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் அந்நிறுவனத்தின் மாணவர்களாக இருந்தவர்கள். அவர்கள் பட்டம் பெறுவதற்கு முன்னரே, 1855இல், அந்நிறுவனத்தை அதை நடத்திய மிஷனே மூடிவிட்டது. ஒரு கிறித்தவக் கல்லூரியின் தரத்தை அரசு, சமய அமைப்பு, பொதுத்தேர்வு ஆகியவை வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தபோது நேர்ந்த முரண்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அரச சாசனம் பெற்றிருந்தும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பட்டம் வழங்காதிருந்த செராம்பூர்க் கல்லூரி ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வட்டுக்கோட்டை செமினரி, அமெரிக்க மிஷன், செராம்பூர், பட்டத் தகுதி, சென்னைப் பல்கலைக்கழகம், தாமோதரம்பிள்ளை.

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையோ ஈழத்துத் தமிழ்க்கல்வியின் வரலாற்றையோ எழுதுவோர் தவறாது குறிப்பிடும் செய்தி, அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகக் கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விளங்கினர் என்பதாகும். பெரும்பாலும் இது ஒரு பெருமைக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. எந்தக் கல்வி அவர்களை அத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது, அக்கல்வியை வழங்கிய நிறுவனம் ஏன் அதற்குள் மறைந்துபோனது என்னும் வினாக்கள் அக்குறிப்பின் நிழலில் ஒதுங்கிவிடுகின்றன.

அந்நிறுவனம் மாணவரின்றி மூடப்படவில்லை. அதன் கல்வி தரம் தாழ்ந்துவிட்டது என்று அதன் எதிரிகள்கூடக் குற்றஞ்சாட்டவில்லை. அது மூடப்பட்டதற்குரிய காரணம் ‘தரம்’ என்னும் சொல்லின் பொருளிலேயே இருந்தது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

தொடங்குமுன் பெயர் பற்றி ஒரு குறிப்பு தேவை. பிற்காலத் தமிழ் நூல்கள் சில இந்நிறுவனத்தை ‘குருமடம்’ என்று மொழிபெயர்க்கின்றன. இம்மொழிபெயர்ப்பு வாசகரைத் திசைதிருப்பக்கூடியது. குருமாரை உருவாக்குவது இதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்ததே தவிர, இது இறையியல் பள்ளியாக மட்டும் வடிவமைக்கப்படவில்லை. ஆகவே இங்கு ‘செமினரி’ என்னும் வழக்குச்சொல்லே ஆளப்படுகிறது.

நியூ இங்கிலாந்து மாதிரி

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷனரிகளும் அவர்களைத் தொடர்ந்து 1820ஐ ஒட்டி வந்தவர்களும் நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளில் பயின்றவர்கள். டேனியல் பூரும் லீவை ஸ்போல்டிங்கும் டார்ட்மத் கல்லூரியிலிருந்து வந்தனர். பெஞ்சமின் மெய்க்ஸ் யேல் கல்லூரியைச் சேர்ந்தவர். மைரன் வின்ஸ்லோ மிடில்பரிக் கல்லூரியிலும், பின்னர் செமினரியின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன் வில்லியம்ஸ் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர்கள். ‘கல்லூரி’ என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்த உருவம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு அன்று. சிற்றூர் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டி, மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் வாழும் சிறிய நிறுவனமே அவ்வுருவம்.

அந்நிறுவனங்களில் பட்டத்திற்குரிய தகுதி தொடக்கத்திலிருந்தே இரட்டைத் தன்மை உடையது. 1640களில் ஹார்வர்டு வகுத்த விதிகளின்படி, பழைய புதிய ஏற்பாடுகளை மூலமொழியிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்து அளவை முறையில் விளக்க வல்லவனாக மாணவன் இருத்தல் வேண்டும். அத்துடன் அவன் ஒழுக்கமும் பக்தியும் உடையவன் என்பதை மேற்பார்வையாளரும் தலைவரும் ஏற்க வேண்டும். அறிவும் நடத்தையும் ஒரே தேர்வின் இரு பக்கங்களாக வைக்கப்பட்டிருந்தன. இரண்டு நூற்றாண்டுகளில் பாடங்கள் பெரிதும் மாறின. ஆனால் இறுதியாண்டு மாணவர்க்கு ஒழுக்கவியலையும் கிறித்தவச் சான்றுகளையும் கல்லூரித் தலைவரே நேரில் கற்பிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இந்த இரட்டை அளவுகோல் வட்டுக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தது. அங்குதான் அதன் இரு பக்கங்களும் முதன்முறையாகத் தெளிவாகப் பிரிந்தன.

சாசனத்தின் மதிப்பையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பூர் பயின்ற டார்ட்மத் கல்லூரியின் சாசனத்தை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மாற்ற முற்பட்டபோது, அச்சாசனம் ஒப்பந்தத்திற்கு நிகரானது, மாநிலம் அதை முறிக்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1819இல் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அக்கல்லூரியின் மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கல்லூரித் திட்டமொன்றை வெளியிட்டபோது அரசின் ஏற்பை நாடியதில் வியப்பில்லை.

1823ஆம் ஆண்டுத் திட்டம்

தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்கும் கல்லூரி ஒன்று அமைப்பதற்கான திட்டம் 1823இல் அச்சிட்டு வெளியிடப்பட்டது. அதன் தலைப்பே ஒப்பீட்டிற்கு இடம் தருகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் செராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் வெளியிட்ட அறிக்கை, ஆசியக் கிறித்தவ இளைஞர்க்கும் பிறர்க்கும் கீழைத்தேய இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் கற்பிக்கும் கல்லூரி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இரண்டிலும் ‘பிறர்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. கிறித்தவர் அல்லாதார்க்கும் இடமுண்டு என்பதே அதன் பொருள். செராம்பூர்த் தலைப்பு சமயத்தை முதலில் வைக்கிறது. யாழ்ப்பாணத் தலைப்பு மொழியையும் இனத்தையும் முதலில் வைக்கிறது. இவ்வேறுபாட்டிற்கு மிகுதியான பொருள் கற்பிக்கத் தேவையில்லை. எனினும் பின்னர் நிகழ்ந்தவற்றோடு அது பொருந்தி நிற்கிறது.

திட்டத்தின் பாடப்பகுதி கவனத்திற்குரியது. திறமையுள்ள இளைஞர்க்கு ஆங்கிலத்தை முழுமையாகக் கற்பித்தல் முதன்மை நோக்கமாகக் கூறப்பட்டது. தமிழ் இலக்கியத்தை வளர்த்தல் அதற்கடுத்த நோக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கு வடமொழியும், மிகச் சிலர்க்கு எபிரேயமும், தேவைப்படின் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப்பட இருந்தன. புவியியல், வரலாறு, வடிவியல், இயற்பியல், வானியல், ஒழுக்கவியல் ஆகிய ஐரோப்பியத் துறைகள் வேதாகமக் கல்வியுடன் இணைத்து வைக்கப்பட்டன.

இவ்வரிசையில் இலத்தீனும் கிரேக்கமும் பெற்ற இடம் வியப்பூட்டுவது. 1828இல் யேல் கல்லூரியின் ஆசிரியர் குழு வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, அவ்விரு மொழிகளின்றிப் பட்டப்படிப்பே இல்லை என்று வாதிட்டது. மனத்தைப் பயிற்றுவதும் அதை அறிவால் நிரப்புவதும் கல்லூரியின் இரு பணிகள் என்றும், முன்னதற்குச் செவ்வியல் மொழிகளே தக்க கருவி என்றும் அது கொண்டது. அதே காலத்தில், அதே மரபில் வந்தவர்கள் வட்டுக்கோட்டையில் நடத்திய கல்லூரியில் அந்த இடத்தைத் தமிழ் பிடித்துக்கொண்டது. நன்னூலும் நிகண்டும் குறளும் ஆங்கில இலக்கணத்தோடும் யூக்ளிடின் வடிவியலோடும் ஒரே மாணவனின் பாடவேளையில் இடம்பெற்றன. தமிழை வட்டார மொழியாக அன்றிச் செவ்வியல் மொழியாக மதித்துப் பட்டக்கல்வியின் நடுவில் வைத்த முயற்சி என்ற அளவில் இது எண்ணத்தக்கது. மிஷனரிகள் தமிழ்ப்பற்றினால் இதனைச் செய்தனர் என்று கொள்ளுதல் மிகையாகும். படித்த தமிழர் நடுவே இலக்கணம் அறியாத போதகனுக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர். தமிழ்ப் புலமைக்குச் சமூகம் அளித்த மதிப்பே பாடத்திட்டத்தின் வடிவை ஓரளவு தீர்மானித்தது எனலாம்.

சேர்க்கையும் பயிற்சியும்

தொடக்கத்தில் மாணவர்கள் மிஷனின் விடுதிப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். திருமுழுக்குப் பெற்றிருத்தல் சேர்க்கைக்குரிய நிபந்தனையாக இல்லை. வழிபாட்டிலும் வேதாகம வகுப்பிலும் கலந்துகொள்ளுதல் கட்டாயமாக இருந்தது. மாணவருள் பெரும்பான்மையோர் வேளாளர். விடுதிப் பள்ளிகளின் தொடக்க ஆண்டுகளில், மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண மாணவர் மறுத்தமையால் சமையற்கூடத்தை அயலிலிருந்த சைவர் நிலத்தில் அமைக்க நேர்ந்தது. பட்டத் தகுதி பற்றிய ஆராய்ச்சியில் சமையற்கூடத்திற்கு இடமேது என்று தோன்றலாம். ஆனால் விடுதி வாழ்க்கையையே ஒழுக்கப் பயிற்சியின் களமாகக் கொண்ட ஒரு கல்வி முறையில், உள்ளூர்ச் சமூகம் தன் நிபந்தனைகளை முதலில் அடுப்படியில்தான் விதித்தது.

உணவும் உறையுளும் முதலில் இலவசமாக வழங்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்த கொடையாளர் ஒரு மாணவனின் செலவை ஏற்றுத் தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடும் வழக்கமும் இருந்தது. கரோல், நெவின்ஸ், ஆர்னல்ட், எவாட்ஸ் முதலிய பெயர்கள் ஈழத்துத் தமிழ்ப் புலவர் வரலாற்றில் நுழைந்த வழி இதுவே. பிற்காலத்தில் கட்டணம் செலுத்திப் பயில்வோர் சேர்க்கப்பட்டனர். இம்மாற்றம் வெறும் நிதி மாற்றமன்று. கட்டணம் செலுத்தும் பெற்றோர் அக்கல்வியிலிருந்து எதிர்பார்த்தது அரசுப் பணிக்குரிய ஆங்கிலத் தேர்ச்சி. கொடையாளர் எதிர்பார்த்ததோ மனமாற்றம். ஒரே வகுப்பறைக்கு இருவேறு புரவலர் அமைந்தனர்.

அறிவியல் கல்வியின் தரத்தை மிஷனரிகள் ஊரறியச் சோதித்துக் காட்ட விரும்பினர். 1829 மார்ச்சு மாதச் சந்திர கிரகணம் அதற்கு வாய்ப்பளித்தது. அராலியைச் சேர்ந்த விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பிற்கும் தம் கணிப்பிற்கும் வேறுபாடு இருப்பதைப் பூர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணத்தன்று அவர் கணிப்பே பொருந்தியது. மிஷன் எழுத்துகள் இதனைச் சமய வெற்றியாகவே கொண்டாடின. கல்வி வரலாற்று நோக்கில் பார்த்தால் இதில் வேறொன்று புலப்படுகிறது. அச்சிட்ட அட்டவணையை ஒப்பிப்பதன்றி, கணித்துக் காட்டுதலே வானியல் தேர்ச்சியின் அளவு என்னும் கருத்து செமினரியில் நிலைபெற்றது. அடுத்த தலைவரான ஹொய்சிங்டன் இன்னும் ஒருபடி முன் சென்றார். இந்திய வானியலை வெறும் பிழையாகத் தள்ளாது, அதன் கணித முறைகளை விளக்கும் சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848இல் வெளியிட்டார். சைவ சித்தாந்த நூல்களான தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வழி வெளியிட்டதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். மறுப்பதற்காகவே படிக்கத் தொடங்கினாலும் பாடநூலை ஒழுங்காகப் படித்தாக வேண்டும் என்ற கல்விசார் நேர்மை அங்கு இருந்தது.

பாடநூல் ஆக்கத்திலும் இதே போக்கு தெரிகிறது. விசுவநாதபிள்ளை இயற்கணிதத்தைத் தமிழில் வீசகணிதம் என்னும் நூலாக்கினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அளவையியலை நியாய இலக்கணம் என்னும் நூலாக்கினார். 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் பயின்றவர்களே. கற்ற பொருளைத் தமிழில் சொல்ல இயலுதல், எழுதப்படாத ஒரு தேர்ச்சி நிபந்தனையாகவே இருந்தது போலும்.

மறுக்கப்பட்ட சாசனமும் கிடைத்த சாசனமும்

திட்டத்திற்கு அரசின் ஏற்புக் கிடைக்கவில்லை. 1824 முதல் 1831 வரை இலங்கை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், அமெரிக்க மிஷனரிகள் மேலும் வருவதையே விரும்பாதவர். பிரித்தானியக் குடியேற்றத்தில் கல்லூரி வேண்டுமானால் அதனை அமைக்கப் பிரித்தானியர் இருக்கின்றனர் என்னும் எண்ணம் அரச வட்டத்தில் இருந்தது. அமெரிக்கரின் புதிய வருகைக்கு இருந்த தடை வில்மட் ஹோர்ட்டன் ஆளுநராக வந்த பின்னரே, 1833இல், நீங்கியது. கல்லூரி என்று பெயரிட இயலாத நிலையில் அந்நிறுவனம் முதலில் ‘மத்திய பாடசாலை’ என்றும், 1827 முதல் ‘செமினரி’ என்றும் அழைக்கப்பட்டது. ஆனால் அதிகாரிகள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். செமினரிக்கு உதவிய நீதிபதி ரிச்சர்ட் ஓட்லியின் பெயரையே அதன் பெரிய மண்டபம் தாங்கி நின்றது.

வட்டுக்கோட்டை ‘செமினரி’ என்று பெயர் மாறிய அதே 1827ஆம் ஆண்டில் டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக் செராம்பூர்க் கல்லூரிக்குச் சாசனம் வழங்கினார். பட்டம் வழங்கும் அதிகாரம் அதில் தெளிவாக அளிக்கப்பட்டிருந்தது. 1833இல் வகுத்த அதன் விதிகள், சாதி, நிறம், நாடு ஆகியன சேர்க்கைக்குத் தடையாகா என்று அறிவித்தன. 1845இல் டென்மார்க்கு செராம்பூரைப் பிரித்தானியருக்கு விற்றபோதும் சாசன உரிமை காக்கப்பட்டது. ஆயினும் அவ்வுரிமையின்கீழ் முதல் பட்டம் வழங்கப்பட்டது 1915ஆம் ஆண்டில்தான். அதுவும் இறையியல் துறையில். இடைப்பட்ட காலத்தில் அதன் கலைப்பிரிவு மாணவர், 1857இல் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையே எழுதினர். தன் கையில் சாசனம் வைத்திருந்த கல்லூரி மற்றொரு பல்கலைக்கழகத்தின் சான்றை நாடியது ஏன்?

விடை எளியது. பட்டம் என்பதைக் கொடுப்பவர் கூற்று மட்டும் மதிப்புள்ளதாக்குவதில்லை. அதனைப் பெற்றுக்கொள்ளும் வேலையளிப்போரும், பிற கல்லூரிகளும், அரசும் அதனை ஏற்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனி அரசின் ஆட்சிப் பரப்பில் டேனிய மன்னரின் முத்திரைக்கு வேலை வாங்கித் தரும் ஆற்றல் இல்லை. செராம்பூரிடம் உரிமை இருந்தது; அதற்கு நாணய மதிப்பில்லை. வட்டுக்கோட்டையிடம் தேர்ந்த மாணவர் இருந்தனர். அவர்கள் கையில் கொடுக்கத் தாள் இல்லை.

ஒரு புறச்சான்று

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இலங்கையில் கிறித்தவம் பற்றி 1850இல் வெளியிட்ட நூலில் செமினரியை வியந்து எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதனை ஒரே வரிசையில் வைக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. ஆய்வாளர் பலரும் இம்மதிப்பீட்டையே தரத்திற்குரிய இறுதிச் சான்றாக எடுத்தாள்கின்றனர்.

இச்சான்றைச் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். உயரதிகாரி ஒருவர் வருகை தரும்போது நடத்தப்படும் வாய்மொழித் தேர்வு, நன்கு ஆயத்தம் செய்யப்பட்ட காட்சியாக அமைதல் இயல்பு. சிறந்த மாணவரே முன்வரிசையில் நிறுத்தப்படுவர். மேலும் டெனன்ட் ஒப்பிட்ட ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் அந்நாளில் கடுமையான தேர்வு முறையைக் கொண்டிருந்தன என்றும் கொள்ள இயலாது. ஆக்ஸ்போர்டில் இளங்கலைப் பட்டம் பெற 1854ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடுதல் கட்டாயமாக இருந்தது. அத்தகைய சமய உறுதிமொழி எதுவும் வட்டுக்கோட்டை மாணவனிடம் கேட்கப்படவில்லை. ஆக, டெனன்டின் புகழ்ச்சி உண்மையாயினும், அது ஒரு பார்வையாளரின் கூற்று. பெயர் அறியாத தேர்வாளர் ஒருவர் விடைத்தாளைத் திருத்தி அளிக்கும் சான்று அதனினும் வலியது. அத்தகைய சான்று பின்னர் வந்தது. அப்போது செமினரி இல்லை.

1855: வேறொரு அளவுகோல்

பாஸ்டனிலிருந்த தலைமை மிஷன் வாரியத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன், அகஸ்டஸ் தாம்சன் என்பவருடன் இந்திய, இலங்கை நிலையங்களை நேரில் ஆராயப் புறப்பட்டு 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். தன்னாட்சியும் தற்சார்பும் உடைய உள்ளூர்த் திருச்சபைகளை உருவாக்குவதே மிஷனின் பணி என்பது ஆண்டர்சனின் உறுதியான கொள்கை. அதற்கு உள்ளூர் மொழியில் பயின்று, உள்ளூர் ஊதியத்தில் வாழ்ந்து, ஊராரோடு கலந்து நிற்கும் போதகர் வேண்டும். ஆங்கிலம் கற்றவரோ மிஷன் அளிக்கக்கூடிய ஊதியத்தைவிட உயர்ந்த ஊதியத்தை அரசு அலுவலகங்களிலும் வணிக நிலையங்களிலும் தோட்டங்களிலும் பெற இயன்றது. செமினரியில் இருந்த மாணவருள் திருச்சபை உறுப்பினர் சிறுபான்மையினரே. படிப்பு முடித்தபின் சைவத்திற்கு மீண்டவர்களும் இருந்தனர்.

இக்காரணங்களால் செமினரி மூடப்பட்டது. அதன் முதல் தலைவர் டேனியல் பூர், மதுரையில் சில ஆண்டுகள் பணியாற்றி யாழ்ப்பாணம் மீண்டவர், அவ்வாண்டின் தொடக்கத்தில் வாந்திபேதி நோயால் இறந்திருந்தார்.

ஆண்டர்சனைக் கல்விக்கு எதிரியாகச் சித்திரிப்பது ஈழத்து வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. அது முழு நீதியன்று. தாய்மொழிவழிக் கல்வி பற்றிய அவர் வாதத்தில் இன்றைய கல்வியாளரும் ஏற்கும் கூறுகள் உள. அந்நிய மொழிவழிக் கல்வி படித்தவனை ஊராரிடமிருந்து பிரித்துவிடும் என்னும் அவர் அச்சம் காரணமற்றதன்று. அவர் வாதத்தின் குறை வேறிடத்தில் இருந்தது. தாய்மொழியை அவர் போதகனுக்குப் போதுமான கருவியாகக் கண்டாரே அன்றி, வானியலையும் இயற்கணிதத்தையும் அளவையியலையும் தாங்கவல்ல உயர்கல்வி மொழியாகக் காணவில்லை. வட்டுக்கோட்டையில் தமிழ் அந்த நிலைக்கு ஏறத் தொடங்கியிருந்ததை அவர் கொள்கை கணக்கில் கொள்ளவில்லை. ஆங்கிலத்தை விலக்கித் தமிழைக் காப்பதாகக் கூறிய முடிவு, தமிழில் அறிவியல் எழுதவல்லவர்களை உருவாக்கிய இடத்தையே மூடியது.

பெற்றோரும் பழைய மாணவரும் இம்முடிவை ஏற்கவில்லை. அதே ஊரில் ஆங்கிலப் பள்ளியொன்றைப் பழைய மாணவர்கள் தாமே நடத்தினர்.

1857: பொதுத்தேர்வின் தீர்ப்பு

சார்லஸ் வுட்டின் 1854ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றின் மாதிரி ஆக்ஸ்போர்டு அன்று. 1836இல் சமய உறுதிமொழியின்றிச் சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகமே மாதிரி. கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளுக்கும் தேர்வு நடத்தும் பொறுப்பு பல்கலைக்கழகத்திற்கும் பிரிக்கப்பட்டன. எச்சமயத்தார் நடத்தும் நிறுவனமும் இணையலாம். ஆனால் பட்டத்தேர்வில் சமய நம்பிக்கை சார்ந்த பாடம் இடம்பெறாது என்பது வுட்டின் ஆணை வகுத்த நெறி. ஹார்வர்டின் பழைய விதியில் ஒன்றாயிருந்த அறிவும் பக்தியும் இங்குச் சட்டத்தாலேயே பிரிக்கப்பட்டன. கிறித்தவக் கல்லூரி தன் வகுப்பறையில் வேதாகமத்தைக் கற்பிக்கலாம். ஆனால் அதன் மாணவன் பட்டத்திற்குரியவனா என்பதை இனி அது தீர்மானிக்க இயலாது.

இப்புதிய அளவுகோலின் முன் நின்று முதலில் பட்டம் பெற்றவர்களே விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும். முன்னவர் 1820இல் சுதுமலையில் பிறந்தவர். செமினரியில் பயின்று அங்கேயே கணித ஆசிரியராகவும் பணியாற்றியவர். பின்னவர் 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்து, 1844 முதல் 1852 வரை அங்குப் பயின்றவர்; பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழில் பணியாற்றச் சென்னை சென்றவர். ஆசிரியரும் மாணவரும் ஒருசேரப் பட்டம் பெற்றனர்.

இருவரின் வெற்றியைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் தரத்தை முடிவு செய்யலாகாது என்னும் தடை எழக்கூடும். அது ஏற்கத்தக்கதே. தாமோதரம்பிள்ளை செமினரியை விட்டு ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. சென்னை வாழ்க்கையும் அவர்க்குக் கல்வியாயிற்று. விசுவநாதபிள்ளையோ முதிர்ந்த ஆசிரியர். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. பிரித்தானியர் அமைத்த தேர்வுக்கு, அதற்கெனத் திட்டமிடாத அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்று போதுமானதாக இருந்தது. தேர்வின் பொருட்டுக் கற்பிக்கத் தொடங்காத காலத்துக் கல்வி, தேர்வை எதிர்கொள்ளும் வலிமை பெற்றிருந்தது.

இன்னொரு கூறும் கருதத்தக்கது. ஆண்டர்சனின் அளவுகோலின்படி தாமோதரம்பிள்ளை செமினரியின் தோல்விகளுள் ஒருவர். ஆங்கிலம் கற்று அரசுப் பணிக்குச் சென்றார், சைவத்திற்கு மீண்டார். ஆனால் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தவரும் அவரே. ஏடுகளை ஒப்புநோக்கி, பாடவேறுபாடு ஆய்ந்து, காலத்தையும் ஆசிரியரையும் விவாதிக்கும் நெடிய பதிப்புரைகளை அவர் எழுதினார். அப்பதிப்புரைகளில் வாதத்தை அடுக்கும் முறையும் சான்று கேட்கும் பழக்கமும் நன்னூலையும் அளவையியலையும் அருகருகே கற்ற வகுப்பறையை நினைவூட்டுவன. பல்கலைக்கழகத் தேர்வோ திருச்சபைக் கணக்கோ இத்தேர்ச்சியை அளக்கக் கூடியனவாக இல்லை.

பிற்கால நிகழ்வுகள்

சென்னையில் கிறித்தவ உயர்கல்வி வேறு வழியில் சென்றது. ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி பல்கலைக்கழகத்தோடு இணைந்து, வில்லியம் மில்லரின் தலைமையில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மனமாற்ற எண்ணிக்கையைக் கொண்டு கல்லூரியை அளக்கலாகாது என்று மில்லர் வெளிப்படையாகவே வாதிட்டார். ரூபஸ் ஆண்டர்சனுக்கு யாழ்ப்பாணத்தில் எவரும் கூற இயலாத மறுமொழியை மில்லர் ஒரு தலைமுறைக்குப் பின் சென்னையில் கூறினார் எனலாம்.

வட்டுக்கோட்டையில் பழைய மாணவரின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்முறை சாசனம் கேட்கப்படவில்லை, இணைப்பே நாடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அது கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின் அவ்வழி அடைபட, அடுத்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளே எஞ்சின. 1940களில் அங்குத் தொடங்கிய பட்டதாரிப் பிரிவும் இலண்டன் வெளிவாரிப் பட்டத்திற்கே மாணவரை ஆயத்தம் செய்தது. கற்பித்தல் வட்டுக்கோட்டையில், பட்டம் வேறிடத்தில் என்னும் 1857ஆம் ஆண்டின் ஏற்பாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அப்படியே நீடித்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் நிறுவப்பட்டபோது, அதன் அறிவியல் வகுப்புகள் திருநெல்வேலிக்குச் செல்வதற்குமுன் சில ஆண்டுகள் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்களில் நடந்தன.